பூவா, தலையா? கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடித்த கதை

நாணயத்தைச் சுண்டிவிட்டார்கள். பூவா, தலையா?

சுண்டியவர்கள் இரண்டு பேர். இருவரும் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள். ஒருவர் பெயர் நோவோட்னி. மற்றவர் ஆல்விஸ். இடம், அமெரிக்காவில் உள்ள இண்டியானாபோலிஸ் நகரம். ஆண்டு 1959.

பந்தயம் பணத்துக்கு அல்ல. தோற்றவர் கையை நீட்ட வேண்டும். அவருடைய ரத்தத்தில் ஒரு சாயத்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். ஜெயித்தவர் காமிராவை வைத்துக்கொண்டு, தோற்றவரின் கண்ணுக்குள் படம் பிடிப்பார்.

ஆல்விஸ் தோற்றார்.

ஊசி ஏறியது. கையில் ஏறிய சாயம் இருதயத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து நுரையீரலைச் சுற்றி, மறுபடியும் இருதயத்துக்கு வந்து, கழுத்து வழியாக மேலே ஏறிக் கண்ணைச் சேர வேண்டும். தூரம் பெரிது போலத் தோன்றும். ஆனால், ரத்தத்துக்கு இது பத்துப் பதினைந்து விநாடிப் பயணம்தான்!

நோவோட்னி விசையை அழுத்தினார். நீல வெளிச்சம் பளிச்சென்று மின்னியது. பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள். ஆல்விசின் கண்ணுக்குள் இருந்த ரத்தக் குழாய்கள், இருட்டில் விளக்குப் போட்ட தெருக்கள் போல ஒளி வீசின.

மனிதனின் கண்ணுக்குள் சாயம் ஓடுவதைப் படம் பிடித்து வெற்றி கண்டவர்களில் அவர்களே முதல்வர்கள்.

உடம்பில் ஒரு ஜன்னல்

ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டுமானால் தோலை அறுக்க வேண்டும். மூளையில் உள்ள குழாயைப் பார்க்க வேண்டுமானால் மண்டை ஓட்டையே திறக்க வேண்டும். அறுக்காமல், திறக்காமல், நேருக்கு நேர், தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் உடம்பில் கண் ஒன்றுதான்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போன்றது. அதன் வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது. பின்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. சினிமாக் கொட்டகையில் படம் விழும் திரை போல, நாம் பார்ப்பது எல்லாம் அதில்தான் விழுகிறது. கண்ணின் நரம்பு விழித்திரையைச் சேரும் இடத்தில் ஒரு சிறு ரத்தக் குழாய் உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் கிளை பிரிந்து, அரச இலையின் நரம்புகள் போலத் திரை முழுவதும் பரவுகிறது.

இது எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆனால், வெளியிலிருந்து பார்த்தால் கண் பாப்பா வெறும் கறுப்பாகத் தெரிகிறதே, ஏன்?

பகல் நேரத்தில் ஒரு வீட்டின் ஜன்னலைத் தெருவிலிருந்து பாருங்கள். உள்ளே இருட்டாகத்தான் தெரியும். ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கலாம் என்றால், நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். கண்ணிலும் இதே தொல்லைதான். உள்ளே போன வெளிச்சம், வந்த வழியாகவே திரும்பி வெளியே வருகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால், பார்ப்பவர் தம் தலையை விளக்கு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அது எப்படி முடியும்?

முடியும் என்று காட்டியவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஆண்டு 1850. அவர் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்தார். பக்கத்தில் இருந்த விளக்கின் வெளிச்சம் தகட்டில் பட்டு, எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் திரும்பியது. அதே தகட்டின் ஊடே அவர் உள்ளே பார்த்தார். உயிருள்ள மனிதனின் விழித்திரை தெரிந்தது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குப் போடும் எந்திரத்தைத் திட்டமிட்டுப் பெயர் பெற்ற இங்கிலாந்துக்காரர் பாபேஜ், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1847-ல், இதே மாதிரி ஒரு கருவியைச் செய்திருந்தார். அதை ஒரு கண் டாக்டரிடம் காட்டினார். டாக்டருக்கு அதன் அருமை புரியவில்லை. கருவி மூலையில் கிடந்தது. பெயர் ஹெல்ம்ஹோல்ட்சுக்குப் போய்விட்டது.

குழாய் தெரிந்தது, ஓட்டம் தெரியவில்லை

மலை உச்சியில் நின்று கீழே ஒரு வாய்க்காலைப் பார்க்கிறீர்கள். வாய்க்கால் தெரிகிறது. தண்ணீரும் தெரிகிறது. ஆனால் தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? அங்கிருந்து சொல்ல முடியாது.

டாக்டர்களின் நிலையும் அப்படித்தான் இருந்தது. சிவப்புக் குழாய் தெரிந்தது. அதற்குள் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்பது தெரியவில்லை. மயிரிழையைவிட மெல்லிய குழாய்களோ கண்ணில் படவே இல்லை.

படம் பிடித்துப் பார்த்தார்கள். 1886-ல் இங்கிலாந்தில் இரண்டு பேர் விழித்திரையைப் படம் எடுத்தபோது, நோயாளி இரண்டரை நிமிஷம் கண்ணை அசைக்காமல் இருக்க வேண்டியிருந்தது. கிடைத்த படமும் மங்கல். பிறகு நல்ல காமிராக்கள் வந்தன. படம் தெளிவானது. ஆனாலும் அது நின்ற படம்தான். ஓட்டத்தைக் காட்டவில்லை.

வலி இல்லாத வியாதி

ஓட்டம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

விழித்திரைக்குப் பசி அதிகம். எந்நேரமும் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ரத்தத்தைக் கொண்டு வந்து கொடுப்பவை நுண்ணிய குழாய்கள். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அவ்வளவு குறுகல்.

பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் நைந்துபோகிறது. பழைய சைக்கிள் டியூப் போல அங்கங்கே புடைக்கிறது. புடைத்த இடத்தில் கசிகிறது. கசிந்த நீர் விழித்திரையை வீங்க வைக்கிறது. சில குழாய்கள் அடைத்தே போகின்றன. அந்தப் பக்கத்து விழித்திரை பட்டினி கிடக்கிறது.

பட்டினி கிடக்கும் திரை சும்மா இருப்பதில்லை. ரத்தம் வேண்டும் என்று உடம்புக்குச் சேதி அனுப்புகிறது. உடம்பும் அவசரம் அவசரமாகப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவசரத்தில் கட்டிய சுவர் எப்படி இருக்கும்? ஒரு நாள் புதுக் குழாய் வெடிக்கிறது. கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. பார்வை மறைகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த நாள் வரை வலியே இருக்காது. காலையில் பத்திரிகை படிப்பார். கடைக்குப் போய்க் கணக்கு எழுதுவார். கண் நன்றாகத் தெரிகிறதே, டாக்டர் எதற்கு என்று வீட்டில் சொல்வார். உள்ளே திரையின் ஓரங்களில் ரத்தம் நின்று பல மாதம் ஆகியிருக்கும்!

சாயப் படம் இந்த ரகசியத்தை வெளியே கொண்டு வந்தது. ரத்தம் ஓடும் குழாய் ஒளி விடுகிறது. கசியும் இடத்தில், மை ஒற்றும் தாளில் மை பரவுவது போல ஒளி பரவுகிறது. அடைத்துப்போன இடம் கறுப்பாகக் கிடக்கிறது. எங்கே கசிவு, எங்கே பட்டினி என்று டாக்டர் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். நோய் முற்றிய கண்களில் லேசர் ஒளியால் சூடு போட்டால் பார்வை அடியோடு போகும் ஆபத்து பாதியாகவோ அதற்கு மேலோ குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 1976-ல் அறிவித்தது. எந்தக் கண்ணுக்குச் சூடு வேண்டும், எங்கே வேண்டும் என்று பார்க்கச் சாயப் படம் டாக்டர்களுக்குக் கை கொடுத்தது.

திரும்பி வந்த கட்டுரை

நோவோட்னியும் ஆல்விசும் கண்டதைக் கட்டுரையாக எழுதினார்கள். கண் டாக்டர்கள் படிக்கும் பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். கட்டுரை திரும்பி வந்துவிட்டது! கடைசியில், இருதயமும் ரத்த ஓட்டமும் பற்றிய "சர்க்குலேஷன்" என்ற பத்திரிகை 1961-ல் அதை வெளியிட்டது. கண் டாக்டர்கள் வேண்டாம் என்றதை இருதய டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பல நாட்டுக் கண் ஆஸ்பத்திரிகளும் அதே முறையைக் கையாளத் தொடங்கின. இன்றும் கையாளுகின்றன.

அந்தச் சாயத்தின் பெயர் புளோரசின். அதை 1871-லேயே பேயர் என்ற ஜெர்மானியர் செய்துவிட்டார். அதன் மேல் நீல வெளிச்சம் பட்டால், அது பச்சை கலந்த மஞ்சள் ஒளியை வீசும். மாணவர்கள் செய்த தந்திரம் இதுதான்: விளக்குக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடி, பிலிமுக்கு முன்னால் ஒரு பச்சைக் கண்ணாடி. விளக்கின் நீலம் பிலிமைத் தொட முடியாது. சாயம் வீசும் ஒளி மட்டும் தொடும். ஆகவே ரத்தம் எங்கே போகிறதோ, அது மட்டும் படத்தில் விழும்.

சாயத்தில் சில தொல்லைகளும் உண்டு. ஊசி போட்டபின் சில மணி நேரம் தோல் மஞ்சளாக இருக்கும். ஒரு நாள் வரை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியது இல்லை. சிலருக்குக் குமட்டும். மிக அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை கடுமையாகி, உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் ஊசி போடும் அறையில் மாற்று மருந்து தயாராக வைத்திருக்கிறார்கள்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு

சாயம், ரத்தம் ஓடும் பாதையைக் காட்டியது. ஓடுவது எவ்வளவு? அதை அளப்பது எப்படி?

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரிய இரண்டு கணக்கு வேண்டும். வாய்க்கால் எவ்வளவு பெரிது? தண்ணீர் எவ்வளவு வேகம்? ரத்தக் குழாய்க்கும் இதே கணக்குத்தான். அகலத்தைப் படத்தில் அளந்துவிடலாம். வேகத்துக்கு ஒரு ரயில் வண்டி வழி காட்டியது!

ஊதிக்கொண்டே வரும் ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் உச்சமாகக் கேட்கும். நம்மைத் தாண்டிப் போனதும் சுருதி இறங்கிவிடும். இதன் காரணத்தை 1842-ல் சொன்னவர் ஆஸ்திரியா நாட்டு டாப்ளர். பலர் நம்பவில்லை. 1845-ல் ஹாலந்து தேசத்தில் கொம்பு வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஊதச் சொன்னார்கள். பாதை ஓரத்தில் சங்கீதம் தெரிந்தவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார்கள். டாப்ளர் சொன்னது சரி என்று தெரிந்தது.

ஒலிக்கு உள்ளது ஒளிக்கும் உண்டு. ஓடும் ரத்த அணுவின் மேல் லேசர் ஒளி பட்டுத் திரும்பினால், அந்த ஒளியின் "சுருதி" மிகமிகச் சிறிய அளவு மாறும். அந்த மாறுதலை அளந்தால் வேகம் கிடைக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான சார்லஸ் ரீவாவும் அவருடைய கூட்டாளிகளும் இந்த முறையில் முயலின் கண்ணில் ரத்த வேகத்தை அளந்து 1972-ல் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில் மனிதனின் கண்ணிலும் அளந்து காட்டினார்கள்.

இப்படி அளந்து பார்த்ததில் தெரிந்த கணக்கு வியப்பானது. ஒரு கண்ணின் விழித்திரைக் குழாய்கள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு நிமிஷத்துக்கு ஓடும் ரத்தம், ஏறக்குறைய ஒரு சொட்டுதான்! விழித்திரைக்குப் பின்னால் உள்ள இன்னொரு ரத்தப் படுகையில் இதைப்போலப் பல மடங்கு ஓடுகிறது. அது வேறு. பார்வைக்கு வேலை செய்யும் திரையின் உள்பக்கத்தைக் காப்பாற்றுவது இந்த ஒரு சொட்டுதான்.

நீல வானத்தில் பூச்சிகள்

கருவி எதுவும் இல்லாமல், உங்கள் கண்ணில் ஓடும் ரத்தத்தை நீங்களே பார்க்கலாம். மேகம் இல்லாத நேரத்தில் நீல வானத்தைப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் பாருங்கள். சிறிது நேரத்தில், பளபளப்பான சின்னஞ்சிறு புள்ளிகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். நாடித் துடிப்புக்கு ஏற்ப அவை துள்ளும்.

அவை வானத்தில் பறக்கும் பூச்சிகள் அல்ல. விழித்திரைக் குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள்! சிவப்பு அணுக்கள் நீல ஒளியைக் குடித்துவிடும். வெள்ளை அணு அதை உள்ளே விடும். அதனால் வெள்ளை அணு போகும் இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

இதையே ஓர் அளவுகோலாக மாற்றினார் ரீவா. 1980-ல், பெட்ரிக் என்ற துணைவருடன் சேர்ந்து இதைச் செய்தார். நோயாளி நீல ஒளியைப் பார்ப்பார். பக்கத்தில் ஒரு திரையில் புள்ளிகள் ஓடும். தம் கண்ணில் ஓடும் வேகத்துக்குச் சமமாகத் திரைப் புள்ளிகளின் வேகத்தைத் திருகித் திருகிச் சரி செய்வார். கெட்டிக்கார யோசனைதான். ஆனால், நோயாளி சொல்வதை நம்பித்தான் கணக்கு.

ஜப்பான்காரர்கள் வேறு வழி கண்டார்கள். சுவரில் லேசர் ஒளியை அடித்தால், அது மணல் தூவியது போலப் பொறிப்பொறியாக மின்னும். ரத்தம் ஓடும் இடத்தில் அந்தப் பொறிகள் கலைந்துகொண்டே இருக்கும். வேகமாகக் கலைந்தால் வேகமான ஓட்டம். கியூஷு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த புஜீ இந்தக் கருவியை வளர்த்தார். சில விநாடிகளில் அளந்துவிடும். ஒரே கண்ணைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஒப்பிட இது நல்லது. ஒருவர் கண்ணை இன்னொருவர் கண்ணோடு ஒப்பிடுவது அவ்வளவு எளிது அல்ல.

ஊசி இல்லாத படம்

1991-ல் அமெரிக்காவில் புதிய கருவி ஒன்று பிறந்தது. அதன் சுருக்கப் பெயர் ஓ.சி.டி. இதை உருவாக்கியவர்களில் ஹுவாங் அப்போது மாணவர். புஜிமோட்டோ பேராசிரியர். ஸ்வான்சன் என்ஜினீயர். வயிற்றில் உள்ள குழந்தையை ஒலியால் படம் எடுப்பது போல, இது விழித்திரையை ஒளியால் படம் எடுக்கிறது. திரையைக் கத்தியால் குறுக்கே அறுத்து வைத்தது போல, அடுக்கு அடுக்காகக் காட்டுகிறது.

இதில் ரத்த ஓட்டம் எப்படித் தெரியும்? யோசனை மிகவும் எளியது.

ஒரு கடைத்தெருவை ஒரே இடத்தில் நின்று இரண்டு தடவை படம் எடுங்கள். இரண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைகள் அப்படியே இருக்கும். மாறியிருப்பவர்கள் நடந்து போன மனிதர்கள்தான். மாறாததை எல்லாம் அழித்துவிட்டால் மனிதர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கண்ணில் அசையாதது திரை. அசைவது ரத்தம். விநாடிக்குப் பல ஆயிரம் தடவை ஒளியைப் பாய்ச்சி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, மாறியதை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கிறது. நுண்ணிய குழாய்கள் வலைபோலத் தெரிகின்றன. ஊசி இல்லை. சாயம் இல்லை. சில விநாடி மோவாயைத் தாங்கியில் வைத்து, கண்ணை அசைக்காமல் இருந்தால் போதும்.

2012-க்குப் பிறகு இந்த முறை வேகமாக வளர்ந்தது. 2015-ல் அமெரிக்க அரசு ஆஸ்பத்திரிகளில் இதை உபயோகிக்க அனுமதி கொடுத்தது. ஓ.சி.டி.யை உருவாக்கிய மூவரும் 2023-ல் லாஸ்கர் பரிசு பெற்றார்கள்.

அப்படியானால் பழைய சாயம் இனித் தேவை இல்லையா? தேவைதான். புதுப் படம் ரத்தம் ஓடும் குழாயைக் காட்டும், கசிவைக் காட்டாது. ரத்தம் மிக மெதுவாக ஊர்ந்தால், அங்கே ஓட்டமே இல்லை என்று சொல்லிவிடும். நோயாளி கண்ணை அசைத்தால் படத்தில் பொய்க் கோடுகள் விழும். வேகம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வதிலும் அது இன்னும் தேறவில்லை. ஆகவே டாக்டர் ஒரு கண்ணுக்கு ஊசி இல்லாத படத்தையும், இன்னொரு கண்ணுக்குச் சாயப் படத்தையும் எழுதிக் கொடுத்தால், அதில் காரணம் இருக்கிறது. முன்பு ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும்.

எந்தக் கருவிக்கும் நேரம் கொடுக்காத ஒரு வியாதியும் உண்டு. விழித்திரையின் பெரிய குழாய் திடீரென்று அடைத்துக்கொள்வது அது. ஒரு கண் நிமிஷத்தில் இருண்டுவிடும். வலி இருக்காது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த டாக்டர் ஹைரே, குரங்குகளின் கண்ணில் இதைச் சோதித்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ரத்தம் நின்றால் திரை கெடத் தொடங்குகிறது என்றும், நான்கு மணி நேரத்தில் மீள முடியாத அளவுக்குக் கெடுகிறது என்றும் கண்டார். இது மூளையில் வரும் பக்கவாதத்துக்கு உறவு. விடியட்டும் பார்க்கலாம் என்று தூங்கிவிடாமல், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நட்சத்திரம் பார்த்த கண்ணாடி

ஆராய்ச்சிக் கூடங்களில் இதற்கும் மேலே போய்விட்டார்கள். வானத்து நட்சத்திரம் காற்றின் அசைவால் மினுக்குகிறது. அந்த மினுக்கலைப் போக்க, தொலைநோக்கியில் நொடிக்கு நொடி வளைந்து கொடுக்கும் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். அதே வித்தையை 1997-ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்ணுக்குக் கையாண்டார்கள். கண்ணின் கோணல்கள் நேரானதும், விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இப்போது இந்த வகைக் கருவிகளில், நுண்குழாய்க்குள் சிவப்பு அணுக்கள் ஒற்றை வரிசையில் போவதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள்.